அடி விழுந்தால்தான் டி.வி. ஆக்டா?

கிணற்றடி | 3 ஆகஸ்ட் 2025, இரவு 9:40

தெரிந்த பெண் ஒருத்தி விஷயம். கணவன் கை ஓங்கியதில்லை, காயம் எதுவும் இல்லை. ஆனால் அவள் சம்பள ஏ.டி.எம். கார்டு அவன் பாக்கெட்டில். பஸ் காசுக்குக்கூட அவனிடம்தான் கேட்கணும். குழந்தை இல்லை என்று மாமியார் தினம் ஒரு சொல். வீடு மாமனார் பெயரில். மகளிர் ஸ்டேஷனில் "அடிச்சானா? இல்லையில்ல? பேசித் தீர்த்துக்கங்க" என்று சி.எஸ்.ஆர். (புகார் வாங்கியதற்கான) ரசீதுகூடப் போடாமல் அனுப்பிவிட்டார்கள். குடும்ப வன்முறைச் சட்டம் (டி.வி. ஆக்ட்) நிஜமாகவே அப்படித்தான் சொல்கிறதா? அடி இல்லாவிட்டால் எல்லாமே மனத்தாங்கல்தானா?

வராண்டா வக்கீல் | 3 ஆகஸ்ட், இரவு 10:25

சொல்லவில்லை. ஸ்டேஷனில் அவர்கள் மனதில் வைத்திருந்தது வேறு சட்டம். இரண்டையும் பிரித்துக்கொள்ளாவிட்டால் கடைசிவரை குழப்பம்தான்.

ஒன்று, கிரிமினல். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ, 1 ஜூலை 2024 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.) 85, 86. அதில் 'கொடுமை' என்றால் இரண்டே கதவு. தற்கொலைக்குத் தூண்டக்கூடிய, அல்லது உயிருக்கோ உடலுக்கோ மனநலத்துக்கோ கடும் கேடு வரக்கூடிய, வேண்டுமென்றே செய்த நடத்தை ஒன்று. சட்டவிரோதமாகப் பணமோ பொருளோ கேட்டு நச்சரிப்பது இன்னொன்று. இரண்டிலும் அடங்காததை ஸ்டேஷனில் எடுக்கத் தயங்குவார்கள். ஜெயில் மூன்று வருடம் வரை போகும் பிரிவு, அதனால் வரையறையைக் குறுக்கி வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டம், நாம் டி.வி. ஆக்ட் என்பது. 26 அக்டோபர் 2006 முதல் நடைமுறை. பிரிவு 3-ல் உடல், பாலியல், சொல்லும் மனமும், பொருளாதாரம் என்று நான்கு வகைக் கொடுமை. வரதட்சணை கேட்டுத் தொல்லை கொடுப்பது தனி உட்பிரிவு. பிள்ளை இல்லை என்று குத்திப் பேசுவதைச் சட்டமே வாய்விட்டுச் சொல்கிறது, ஆண் பிள்ளை இல்லை என்பதையும் சேர்த்து. அவளுக்கு உரிமையுள்ள பணத்தை அவளுக்குக் கிடைக்காமல் செய்வது பொருளாதாரக் கொடுமை. ஆகவே நீங்கள் சொன்னதில் இரண்டு வகை அப்படியே பொருந்துகிறது. இதற்கு மனு போகவேண்டிய இடம் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றம். ஸ்டேஷன் வழியாகத்தான் போகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வராண்டா வக்கீல் | 3 ஆகஸ்ட், இரவு 10:41

விட்டுப்போனது. பிரிவு 5 என்று ஒன்று இருக்கிறது. புகார் வாங்கும் போலீஸ் அதிகாரி, இந்தச் சட்டத்தில் உனக்கு என்னென்ன நிவாரணம் உண்டு, இந்தச் சட்டத்துக்கென்று அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், இலவச சட்ட உதவி உண்டு, தேவைப்பட்டால் கிரிமினல் புகாரும் தரலாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியாக வேண்டும். "பேசித் தீர்த்துக்கங்க" என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

சந்தேகராசா | 4 ஆகஸ்ட், காலை 7:15

அப்போ மாமியார் "ரசத்தில் உப்பு கம்மி" என்றால் மனக்கொடுமை, கணவன் "இந்த மாசம் செலவைக் குறை" என்றால் பொருளாதாரக் கொடுமை. தமிழ்நாட்டில் ஒரு வீடு மிஞ்சுமா வக்கீல் சார்?

வராண்டா வக்கீல் | 4 ஆகஸ்ட், காலை 8:02

ரசம் தப்பித்துக்கொள்ளும். பிரிவு 3-க்குக் கீழே இரண்டாவது விளக்கம் இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. ஒரு செயல் குடும்ப வன்முறையா என்று பார்க்கும்போது வழக்கின் மொத்த நிலவரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது. ஒரு நாள் கோபத்தில் வந்த வார்த்தை வேறு, ஆறு மாதம் தினமும் விருந்தாளி முன்னால் அதே வார்த்தை வேறு. இரண்டையும் நடுவர் ஒரே தராசில் வைக்கமாட்டார்.

செலவைக் குறை என்பதும் அப்படித்தான். இரண்டு பேர் சம்பளமும் ஒரே கணக்கில் விழுந்து, இரண்டு பேரும் சேர்ந்து சிக்கனம் பிடித்தால் அது குடித்தனம். அவள் சம்பாத்தியம் முழுக்க அவன் கையில், அவளுக்கு மாதவிடாய் நாப்கின் வாங்கக் காசில்லை என்றால் அது பிரிவு 3.

படிவம் ஒன்று | 4 ஆகஸ்ட், பிற்பகல் 1:30

வரையறையில் இடம் இருக்கிறது என்பதோடு வேலை முடிவதில்லை. மனுவில் அதை எழுதும் விதத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். சமூக நலத்துறை மேசைக்கு வரும் தாள்களை எடுத்தால் முக்கால்வாசியில் ஒரே வரி: "எதிர்மனுதாரர் என்னை உடல்ரீதியாகவும் மனரீதியாகவும் துன்புறுத்தி வந்தார்." எந்தத் தேதி, எந்த இடம், என்ன வார்த்தை, யார் பக்கத்தில் இருந்தார்கள், எதுவும் கிடையாது. நடுவர் இதை வைத்து எந்த வகைக் கொடுமை என்று எப்படி முடிவு செய்வார்?

குடும்ப நிகழ்வு அறிக்கை, அதாவது படிவம் 1, இதற்காகவே வகைவாரியாகப் பிரித்துக் கட்டம் போட்டு அச்சடிக்கப்பட்டிருக்கிறது. டிக் அடித்தால் போதும் என்று நினைத்து எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துவிடுவார்கள். அதுதான் முதல் வம்பு. பாலியல் கொடுமைக் கட்டத்தில் டிக் இருக்கும், மனுவில் அதைப்பற்றி ஒரு வரி இருக்காது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொண்டு மொத்த மனுவையும் பொய் என்று இழுப்பார். நடந்ததற்கு மட்டும் டிக்.

கிணற்றடி சொன்ன பெண் விஷயத்தில் நான் கேட்பது ஒரே ஒரு காகிதம், சம்பளக் கணக்கின் ஸ்டேட்மென்ட். ஒரு வருடத்துக்கு எடுக்கட்டும். சம்பளம் விழும் தேதியும் பணம் எடுத்த தேதியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எந்த ஏ.டி.எம். என்பதும் அந்த வரியிலேயே பெரும்பாலும் வரும். காலை பதினொரு மணிக்கு ஊரின் அந்தக் கோடி ஏ.டி.எம்.மில் பணம் எடுத்திருக்கிறது. அதே நேரம் இவள் கம்பெனி வருகைப் பதிவில் உள்ளே இருக்கிறாள் என்று பஞ்ச் இருக்கிறது. இந்த இரண்டு தாளும் சேர்ந்தால் கார்டு யார் கையில் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு? ஸ்டேட்மென்டில் வங்கியின் சீல், கையெழுத்து, வங்கிப் புத்தகச் சான்றுச் சட்டப்படியான சான்றிதழ் மூன்றும் வாங்கிவிடுங்கள். மொபைல் ஆப்பில் எடுத்த பி.டி.எஃப்.பை நீட்டினால் ஆட்சேபணை வரும்.

சந்தேகராசா | 4 ஆகஸ்ட், இரவு 8:50

வீடு மாமனார் பெயரில் என்கிறாரே, அதை யாரும் தொடவில்லை. மாமனார் வீட்டில் மருமகளுக்கு உரிமை இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. பத்ரா கேஸ். ஒரு வருடத்துக்குள் மனு போடாவிட்டால் அதுவும் போச்சு.

வராண்டா வக்கீல் | 4 ஆகஸ்ட், இரவு 9:37

இரண்டுமே காலாவதி. ஒவ்வொன்றாக.

எஸ்.ஆர்.பத்ரா எதிர் தருணா பத்ரா, 2006 டிசம்பர். 'பகிர்ந்து வாழ்ந்த வீடு' என்றால் கணவனுக்குச் சொந்தமானது, அவன் வாடகைக்கு எடுத்தது, அல்லது அவன் அங்கமாக இருக்கும் கூட்டுக் குடும்பத்தின் வீடு, இவை மட்டும் என்றார்கள். பதினான்கு வருடம் இதை வைத்துத்தான் மருமகள்களை வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். 15 அக்டோபர் 2020-ல் சதீஷ் சந்தர் அகுஜா எதிர் ஸ்னேகா அகுஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அது தப்பான தீர்ப்பு என்று தள்ளிவிட்டது. பிரிவு 2(எஸ்) படி, குடும்ப உறவில் அவள் வாழ்ந்த வீடு என்றால் பத்திரம் உறவினர் பெயரில் இருந்தாலும் அது பகிர்ந்த வீடாகலாம்.

'ஆகலாம்' என்று எழுதியதைக் கவனியுங்கள். தீபாவளிக்கு நாலு நாள் தங்கிய வீடெல்லாம் இதில் வராது. நிலையாகக் குடித்தனம் நடத்தும் எண்ணத்தோடு தங்கியிருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார் முகவரி, கேஸ் புக், தபால் இதெல்லாம் அதற்குத்தான் உதவும். கிடைப்பதும் குடியிருக்கும் உரிமை, சொத்தில் பங்கு இல்லை. மாமனாருக்கு வயதாகிவிட்டது, நிம்மதியாக இருக்கவேண்டும் என்பதையும் கோர்ட்டு பார்க்கும். பிரிவு 19(1)(எஃப்) படி அதே தரத்தில் வேறு வீடு பிடித்துக் கொடு, இல்லையென்றால் வாடகையைக் கொடு என்று கணவனுக்கு உத்தரவு போட்டு முடிப்பதும் உண்டு.

ஒரு வருடக் கணக்கு எங்கிருந்து வந்தது என்றால், பிரிவு 31-ல் உத்தரவை மீறினால் ஒரு வருடம் வரை தண்டனை. அந்த அளவு தண்டனைக்குக் கிரிமினல் சட்டத்தில் காலவரம்பு ஒரு வருடம். இரண்டையும் முடிச்சுப் போட்டு, நிவாரணம் கேட்டு நடுவரிடம் போடும் பிரிவு 12 மனுவுக்கும் அதே வரம்பு என்று ஆக்கிவிட்டார்கள். நம்ம சென்னை உயர் நீதிமன்றமே ஒரு மனுவை அப்படி ரத்து செய்தது. ஏப்ரல் 2022-ல் காமாட்சி எதிர் லட்சுமி நாராயணன் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அதை மாற்றிவிட்டது. உத்தரவை மீறிய பிறகுதான் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கும்.

கிணற்றடி | 5 ஆகஸ்ட், காலை 6:55

நன்றி வக்கீல் சார். அவள் இப்போது திருப்பூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். கல்யாணம் ஆகி இருந்தது தஞ்சாவூர் பக்கம். அங்கே போய்த்தான் போடணுமா? வீட்டை விட்டு வந்தாச்சு, இனி 'குடும்ப உறவு' இல்லை என்று சொல்லிவிடுவார்களா?

படிவம் ஒன்று | 5 ஆகஸ்ட், காலை 10:10

திருப்பூரிலேயே போடலாம். பிரிவு 27: அவள் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ குடியிருக்கும் இடம், வேலை பார்க்கும் இடம் இரண்டுமே போதும். ஹாஸ்டல் ரசீது ஒன்று, கம்பெனி அடையாள அட்டை ஒன்று வைத்துக்கொள்ளட்டும்.

வீட்டை விட்டு வந்தது பிரச்சினை இல்லை. 2(எஃப்)-ல் "வாழ்கிற அல்லது எப்போதாவது சேர்ந்து வாழ்ந்த" என்று இருக்கிறது. பிரபா தியாகி வழக்கில் (மே 2022) சுப்ரீம் கோர்ட்டு, மனு போடும் நாளில் உறவு இருக்கவேண்டியதில்லை, வன்முறை நடந்தபோது இருந்தால் போதும் என்றது. அதே தீர்ப்பில் இன்னொன்று: பாதுகாப்பு அலுவலரின் குடும்ப நிகழ்வு அறிக்கை (டி.ஐ.ஆர்.) இல்லாமலும் நடுவர் உத்தரவு போடலாம். அறிக்கை வந்திருந்தால் படித்துப் பார்க்க வேண்டும், வராவிட்டால் அதற்காக மனுவைக் கிடப்பில் போடக்கூடாது. "டி.ஐ.ஆர். வரட்டும்" என்று வாய்தா விழுந்தால் இந்தத் தீர்ப்பைக் காட்டுங்கள்.

மனு படிவம் 2. இடைக்கால உத்தரவுக்கான பிரமாணப் பத்திரம் படிவம் 3. கோர்ட்டு நோட்டீஸ் படிவம் 7. நோட்டீஸைப் பாதுகாப்பு அலுவலர் இரண்டு நாளுக்குள் சேர்ப்பிக்க வேண்டும் என்பது சட்டம். திருப்பூரிலிருந்து தஞ்சாவூருக்கு இரண்டு நாளில் போய்ச் சேருமா என்று கேட்காதீர்கள். எதிர்மனுதாரரின் வீட்டு முகவரியோடு வேலை செய்யும் இடத்து முகவரியையும் கொடுத்துவிடுங்கள். "கதவு பூட்டியிருந்தது" என்று நோட்டீஸ் திரும்பி வந்தால் ஒரு வாய்தா போச்சு.

கொழும்புத்துறை | 5 ஆகஸ்ட், பிற்பகல் 3:20

இலங்கையிலும் இதே 2005-இலதான் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது, 34-ஆம் இலக்கம். ஆனால் வரையறை வேற மாதிரி. இங்க தண்டனைச் சட்டக்கோவையில ஏற்கெனவே இருக்கிற குற்றங்களை, உடம்புக்குச் செய்யிற குற்றங்கள், மிரட்டிப் பறிக்கிறது, குற்றவியல் அச்சுறுத்தல் எண்டு ஒரு அட்டவணையில போட்டு, அவை வீட்டுக்குள்ள நடந்தா வீட்டு வன்முறை எண்டு வைச்சிருக்கினம். அதோட உணர்வுரீதியான துன்புறுத்தல். அதுக்கும் 'பாரதூரமான தன்மையுடைய, கொடூரமான, இழிவுபடுத்துற நடத்தைக் கோலம்' எண்ட அளவு வேணும். பொருளாதார வன்முறைக்குத் தனித் தலைப்பே கிடையாது. கிணற்றடி சொன்ன ஏ.டி.எம். காட் கதையை இங்க நீதவான் முன்னால கொண்டுபோனா, அது உணர்வுத் துன்புறுத்தலுக்குள்ள அடங்குது எண்டு வாதாடித்தான் நிக்கவேணும்.

இன்னொரு வித்தியாசம், இங்க ஆம்பிளையும் விண்ணப்பிக்கலாம். பாதுகாப்புக் கட்டளை ஆகக் கூடினது 12 மாதம். திரும்ப வேணுமெண்டா திரும்ப விண்ணப்பம்.

வராண்டா வக்கீல் | 5 ஆகஸ்ட், மாலை 6:44

அருமை அண்ணே. நம்ம ஊரில் பாதுகாப்பு உத்தரவுக்கு 12 மாதம் என்ற முடிவு கிடையாது. அந்தப் பெண்ணே போய் நீக்கச் சொல்லும்வரை இருக்கும். நிலைமை மாறிவிட்டது என்று எந்தத் தரப்பும் திருத்தக் கேட்கலாம், பிரிவு 25.

குற்றப் பட்டியலிலிருந்து வரையறையைக் கட்டினால் வரும் சிக்கல் இதுதான். குற்றம் என்று ஏற்கெனவே எழுதி வைத்ததுதான் வன்முறை என்று ஆகிவிடும். எங்கள் சட்டத்தில் பாலியல் கொடுமையைப் பாருங்கள். பி.என்.எஸ். 63-ல் இரண்டாவது விலக்கு, 18 வயது நிரம்பிய மனைவியைக் கணவன் வற்புறுத்தினால் அது பாலியல் வல்லுறவு ஆகாது என்கிறது. ஆனால் டி.வி. ஆக்ட் 3-வது பிரிவு, பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் எந்தப் பாலியல் நடத்தையும் கொடுமை என்கிறது, மனைவி என்பதற்கு விலக்கே இல்லை. கிரிமினலில் பூட்டிய கதவு இதில் திறந்திருக்கிறது. ஜெயில் வராது. ஆனால் பாதுகாப்பு உத்தரவு, தனி வசிப்பிடம், இழப்பீடு எல்லாம் வரும்.

கொழும்புத்துறை | 5 ஆகஸ்ட், இரவு 7:30

இங்க 1995 திருத்தத்தில நீதிமன்றத்தால பிரிச்சு வைச்ச மனைவிக்கு மட்டும் அந்தக் கதவைத் திறந்தவை. அதுக்கு மேல அசையேல்லை.

வராண்டா வக்கீல் | 5 ஆகஸ்ட், இரவு 7:52

இங்கேயும் பிரிந்து வாழும் மனைவிக்கு பி.என்.எஸ். 67-வது பிரிவு உண்டு, 2 முதல் 7 வருடம். கோர்ட்டுத் தீர்ப்பாணை இல்லாமல் தனியாக இருந்தாலே போதும். அந்த இரண்டாவது விலக்கு பற்றி 2022 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு பக்கம் தீர்ப்பு எழுதினார்கள், விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிருக்கிறது.

சந்தேகராசா | 6 ஆகஸ்ட், காலை 9:05

யாழ்ப்பாணத்தில் ஆம்பளைக்கும் உண்டு, இங்கே கிடையாது. ஏன், நாங்கள் அடி வாங்குவதில்லையா? போதாததற்கு மாமியாரையும் சேர்த்துப் போடுகிறார்கள்.

வராண்டா வக்கீல் | 6 ஆகஸ்ட், காலை 9:48

மனு போடுகிறவர் பெண்ணாகத்தான் இருக்கவேண்டும், 2(ஏ). ஆணுக்கு இந்தச் சட்டம் இல்லை. அடித்தால் பி.என்.எஸ். 115, கொடுமை என்றால் இந்துத் திருமணச் சட்டம் 13-ல் விவாகரத்துக்குக் காரணம், வயதான தகப்பன் என்றால் 2007-ஆம் வருடப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம். குறை உண்டு என்று நீங்கள் வாதாடலாம், மறுக்கமாட்டேன்.

ஆனால் மனைவிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். இரத்த உறவு, திருமணம், திருமணம் போன்ற உறவு, தத்து, கூட்டுக்குடும்பம் எல்லாம் 2(எஃப்)-ல் இருக்கிறது. மகன்கள் வீட்டை விட்டுத் துரத்திய அம்மா போடலாம், அண்ணன் பங்கைத் தின்றுவிட்டு வாசலில் நிறுத்திய தங்கை போடலாம், விதவை மருமகள் போடலாம்.

எதிர்த்தரப்பில் முதலில் 'வயதுவந்த ஆண்' என்று இருந்தது. 2016 அக்டோபரில் ஹிரல் ஹர்சோரா தீர்ப்பு அந்த இரண்டு சொல்லையும் வெட்டியது. ஆகவே மாமியார், நாத்தனார் எல்லோரையும் சேர்க்கலாம். அதே தர்க்கத்தில், மருமகளால் கொடுமைப்படும் மாமியாரும் மனு போடலாம். இதைச் சொன்னால் சந்தேகராசா கொஞ்சம் ஆறுவார்.

எல்லோரையும் சேர்ப்பது பெரிய தப்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் இருக்கும் நாத்தனார், கல்யாணத்தில் மட்டும் பார்த்த சித்தப்பா, இவர்களைப் போட்டால் அவர்கள் 'ஒரே வீட்டில் வாழ்ந்ததே இல்லை' என்று உயர் நீதிமன்றம் போவார்கள். ஒருவர் போனாலும் வழக்கு மொத்தமாக நின்றுவிடும் அபாயம் உண்டு. 2025 மே மாதத்துக்குப் பிறகு அந்தப் பாதை இன்னும் தெளிவாகத் திறந்திருக்கிறது. பிரிவு 12 மனுவையும் உயர் நீதிமன்றம் தன் உள்ளார்ந்த அதிகாரத்தில் ரத்து செய்யலாம், ஆனால் அப்பட்டமான சட்டமீறல் இருந்தால்தான் என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவர் செய்தது என்ன என்று ஒரு பத்தி எழுத முடிந்தால் மட்டும் அவரைச் சேருங்கள்.

படிவம் ஒன்று | 6 ஆகஸ்ட், காலை 11:20

வக்கீல் சார் சொன்னதோடு ஒன்று. பிரிவு 19-ல் ஒரு நிபந்தனை ஹர்சோராவுக்குப் பிறகும் அப்படியே இருக்கிறது. வீட்டை விட்டு வெளியேறு என்ற உத்தரவை எந்தப் பெண்ணுக்கு எதிராகவும் போட முடியாது. மாமியாரை எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம், பேசாதே, தொந்தரவு செய்யாதே என்று உத்தரவு வாங்கலாம், வெளியே அனுப்ப முடியாது. கோரிக்கையில் அதைக் கேட்டுவிட்டு அந்த ஒரு வரிக்காக வாதத்தில் நாளைக் கடத்துகிறார்கள்.

புங்கமரத்தடி | 6 ஆகஸ்ட், இரவு 9:12

கல்யாணம் ஆகாமல் சேர்ந்து இருந்தவர்களுக்கு?

வராண்டா வக்கீல் | 6 ஆகஸ்ட், இரவு 10:30

உண்டு, எல்லோருக்கும் இல்லை. 2010-ல் டி.வேலுசாமி எதிர் பச்சையம்மாள், கோயம்புத்தூரில் தொடங்கிய வழக்கு. ஊர் உலகத்துக்குக் கணவன் மனைவி போலக் காட்டியிருக்க வேண்டும், திருமண வயது வந்திருக்க வேண்டும், திருமணம் செய்துகொள்ளத் தடையில்லாதவர்களாக இருக்க வேண்டும், கணிசமான காலம் விருப்பத்தோடு சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். வார இறுதியில் மட்டும் சந்திப்பது இதில் சேராது.

மூன்றாவது நிபந்தனைதான் பெண்களைக் கவிழ்ப்பது. 2013-ல் இந்திரா சர்மா வழக்கில், அவன் ஏற்கெனவே கல்யாணமானவன் என்று தெரிந்தே சேர்ந்து வாழ்ந்ததால் பல வருட உறவும் 'திருமணம் போன்றது' ஆகவில்லை. தெரியாமல் ஏமாந்தவளின் நிலை வேறு. அதனால் மனுவில் 'எப்போது தெரிந்தது' என்ற தேதி உயிர்நாடி.

திருநங்கை மனைவிக்கு என்ன என்று யாராவது கேட்பதற்கு முன்: 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தின் 'மணமகள்' என்பதில் திருநங்கையும் அடங்குவார் என்றது. தூத்துக்குடித் தம்பதியின் வழக்கு. அதற்குமேல் 2019-ஆம் வருடத் திருநர் சட்டம் 18-வது பிரிவில் உடல், பாலியல், சொல், மனம், பொருளாதாரம் என்று டி.வி. ஆக்டின் பட்டியலையே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு வருடம்தான். இதே கொடுமைக்கு எவ்வளவு இளக்காரம் பாருங்கள்.

சந்தேகராசா | 7 ஆகஸ்ட், காலை 7:40

வரையறை எல்லாம் சரி. எப்போது தீர்ப்பு வரும்?

படிவம் ஒன்று | 7 ஆகஸ்ட், காலை 8:15

சட்டப்படி முதல் விசாரணை மூன்று நாளில், முடிவு அறுபது நாளில்.

சந்தேகராசா | 7 ஆகஸ்ட், காலை 8:17

:))))

வராண்டா வக்கீல் | 7 ஆகஸ்ட், காலை 8:55

சிரித்தது போதும். அறுபது நாளை நம்பாமல் பிரிவு 23-ல் இடைக்கால மனுவை முதல் நாளே சேர்த்துத் தாக்கல் செய்யுங்கள். படிவம் 3 பிரமாணத்தை வைத்தே எதிர்த்தரப்பு இல்லாமல் உத்தரவு போட நடுவருக்கு அதிகாரம் உண்டு. இடைக்காலத்தைத் தனியாகக் கேட்காமல் "மற்றும் இதர நிவாரணம்" என்று எழுதியிருந்தால் ஒன்றும் கிடைக்காது.

ஜீவனாம்சம் கேட்டால் ரஜ்னேஷ் எதிர் நேஹா (2020 நவம்பர்) படி இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாம் எழுதிப் பிரமாணம் போடவேண்டும். குடும்ப நீதிமன்றத்தில் ஏற்கெனவே ஜீவனாம்ச உத்தரவு இருந்தால் மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் மற்ற விஷயத்திலும் நம்ப மாட்டார்கள். இந்தப் பெண்ணுக்குச் சம்பளம் இருக்கிறதே என்பார்கள். சம்பளம் இருப்பது வேறு, அது அவள் கைக்கு வந்ததா என்பது வேறு. எடுத்துச் சென்ற பணத்தைப் பிரிவு 20-ல் இழப்பாகவும், மனவேதனைக்குப் பிரிவு 22-ல் இழப்பீடாகவும் தனித்தனியாகத் தொகை போட்டுக் கேட்க வேண்டும்.

வாட்ஸ்அப் குரல் செய்தி இருந்தால் போனை மாற்றாதீர்கள். பாரதிய சாட்சிய அதினியம் (புதுச் சாட்சியச் சட்டம்) 63(4) சான்றிதழில் இப்போது இரண்டு பகுதி: ஏ பகுதி நீங்கள், பி பகுதி நிபுணர், இரண்டிலும் ஹேஷ் மதிப்பு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு). பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி மாதிரித் தாளையே திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கணவன் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்தது செல்லுமா என்பவர்களுக்கு: திருமண வழக்குகளில் அதை ஏற்கலாம் என்று போன மாதம் 14-ஆம் தேதிதான் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. அது விவாகரத்து வழக்கில் வந்தது, டி.வி. மனுவில் வாதமாக வைக்கலாம்.

கிணற்றடி | 9 ஆகஸ்ட், இரவு 8:30

அவளிடம் சொன்னேன். "போட்டால் அவரை அரெஸ்ட் பண்ணிடுவாங்களா" என்பதுதான் அவள் முதல் கேள்வி. அதற்கே பயந்து இருக்கிறாள்.

வராண்டா வக்கீல் | 9 ஆகஸ்ட், இரவு 9:20

பண்ணமாட்டார்கள். இது சிவில் தன்மையுள்ள மனு. 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பத்மநாதன் வழக்கில் இதை விரிவாகவே எழுதியிருக்கிறது. எதிர்மனுதாரர் குற்றவாளி இல்லை, ஜாமீன் தேவையில்லை, வக்கீல் மூலம் ஆஜராகலாம். கைது என்பது பாதுகாப்பு உத்தரவு வந்தபிறகு அவன் அதை மீறினால்தான். பிரிவு 31, ஒரு வருடம் வரை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அது ஜாமீனில் விடமுடியாத குற்றம். அவள் சாட்சியம் மட்டுமே போதும் என்று 32(2) சொல்கிறது.

படிவம் ஒன்று | 10 ஆகஸ்ட், காலை 11:05

அந்த மீறலை நிரூபிக்க உத்தரவில் சொற்கள் துல்லியமாக இருக்கவேண்டும். "தொந்தரவு செய்யக்கூடாது" என்று மட்டும் வாங்கினால் அவன் ஹாஸ்டல் வாசல் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு "டீ குடிக்கிறேன்" என்பான். ஹாஸ்டல் முகவரி, கம்பெனி முகவரி, இத்தனை மீட்டர், போன், வாட்ஸ்அப், மூன்றாம் நபர் மூலமாகவும் தொடர்புகொள்ளக்கூடாது என்று கோரிக்கையிலேயே எழுதுங்கள். இல்லாததை நடுவர் தானாகச் சேர்க்கமாட்டார்.

பிரிவு 24 படி உத்தரவு நகல் இலவசம், ஸ்டேஷனுக்கும் ஒன்று போகவேண்டும். போனதா என்று பாருங்கள், பெரும்பாலும் போயிருக்காது. நகலைக் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் கட்டவில்லை என்றால் விதி 6(5) வழியாகப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125 (ஜீவனாம்சப் பிரிவு) மாதிரியே நிறைவேற்று மனு, பாக்கி விழுந்த ஒரு வருடத்துக்குள். அவன் சம்பளம் வாங்குகிறவன் என்றால் அதைவிடச் சுலபம் 20(6): அவன் முதலாளியையே சம்பளத்திலிருந்து பிடித்து நேராக அவளுக்கோ கோர்ட்டுக்கோ கட்டச் சொல்லலாம். கம்பெனியின் முழுப் பெயர், கணக்குப் பிரிவு முகவரி, அவன் பணியாளர் எண் மூன்றும் தெரிந்தால்தான் உத்தரவு வேலை செய்யும். அதை இப்போதே குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

கிணற்றடி | 10 ஆகஸ்ட், பிற்பகல் 12:40

பணியாளர் எண் அவன் பழைய சம்பள ஸ்லிப்பில் இருக்கிறதாம், போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள். கார்டை பிளாக் செய்யச் சொல்லட்டுமா, இல்லை ஆதாரத்துக்காக அப்படியே விடணுமா?

படிவம் ஒன்று | 10 ஆகஸ்ட், பிற்பகல் 12:58

இன்றைக்கே பிளாக். இதுவரை எடுத்ததே ஆதாரத்துக்கு ஏராளம். புதுக் கார்டு ஹாஸ்டல் முகவரிக்கு வரட்டும், வங்கியில் பதிவான மொபைல் எண் யாருடையது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் அவனுடையதாகத்தான் இருக்கும். அதை மாற்றாமல் கார்டை மட்டும் மாற்றினால் ஓ.டி.பி. அவனுக்கே போகும். வக்கீல் செலவுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, போன் 15100. பெண் என்றால் வருமான வரம்பு பார்க்கமாட்டார்கள்.